நானூறு பேர் பார்த்த கை

நரம்பு மருத்துவ நிபுணர்களின் வருடாந்திர மாநாடு மூன்றே நாள்தான் நடக்கும். அதற்கு முன்னால் ஆறு மாதம் ஏற்பாடு. முடிந்த பிறகு ஆறு மாதம் அறிக்கை. மிச்சமிருக்கும் காலம் முழுவதையும் துறையினர் நோயாளிகளுக்கே அர்ப்பணிக்க வேண்டும் என்று விதிமுறை கண்டிப்பாகச் சொல்கிறது.

அந்த விதிமுறையை டைப் அடித்தவர் துறை அலுவலகத்தின் தலைமை எழுத்தர். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஆடும் கால். துறைத்தலைவர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் எழுத்தரம்மா. மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் ஓர் அறிவிப்பை அடித்து, புறநோயாளிகள் பிரிவின் கண்ணாடிக் கதவில் தன் கையாலேயே ஒட்டினார்:

"நோயாளிகளின் நலனை மேம்படுத்துவது குறித்து ஆழ்ந்து விவாதிக்கவிருப்பதால், நோயாளிகளைப் பார்ப்பது அடுத்த மாதம் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. அவசரச் சிகிச்சை தேவைப்படுவோர் அடுத்த மாதம் முதல் வாரத்தில் அவசரமாக வரவும்."

அப்படி நிறுத்தி வைக்கப்பட்ட நோயாளிகளில் ஒருவர் அவருடைய வீட்டுக்காரர்.

வீட்டுக்காரருக்குத் தையல் தொழில். நகரத்தின் மறுகோடியில் சின்னக் கடை. கோட் தைப்பதில் கெட்டிக்காரர். தோள்பட்டை உட்காரும் விதத்தைப் பார்த்தே இது அவர் கை என்று சொல்லிவிடலாம். அந்தக் கைக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. ஊசியில் நூல் கோக்க ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலையை வெளியே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

எழுத்தரம்மா வைத்தியம் படித்தவரில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக நோயாளிகளின் அறிக்கைகளை அடித்து அடித்து, நோய்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. எட்டு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் ஓர் அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தார். 'முகத்தில் உணர்ச்சி குறையும். கண் இமைப்பது அருகும். கை சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல நடுங்கும்' என்ற வரியை முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். எதிரே அந்த வரி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது.

நடுக்குவாதம். நோய்க்கு மருந்து உண்டு. மருந்துக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு ஒரு நிபுணர் பார்க்க வேண்டும். ஊழியர் குடும்பத்தினரை முன்னுரிமையில் பார்ப்பதற்கென்றே ஒரு படிவம் இருந்தது. எழுத்தரம்மா அதைப் பூர்த்தி செய்து துறைத்தலைவரின் மேசையில் வைத்தார்.

"கையெழுத்துதானே, போட்டுடலாம்மா. மாநாடு முடியட்டும்," என்றார் துறைத்தலைவர். எட்டு மாதம் முன்னால் அவர் அப்படிச் சொன்னபோது முடியாமல் இருந்தது போன வருட மாநாட்டின் அறிக்கை. அது முடிந்ததும் இந்த வருட மாநாட்டின் ஏற்பாடு தொடங்கிவிட்டது. படிவத்தின் மேல் மாதிரிப் பைகள் வந்து உட்கார்ந்தன.

பை என்றால் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பை. அதன் நிறத்தை முடிவு செய்யப் பை உபகுழு பதினொரு முறை கூடியது. மூளை சாம்பல் நிறம், ஆகவே பையும் சாம்பல் நிறம் என்றது ஓர் அணி. சாம்பல் என்பது செத்த மூளையின் நிறம், உயிருள்ள மூளை இளஞ்சிவப்பு, நாம் உயிருள்ளவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் என்றது இன்னோர் அணி. இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள், ஒருவர் ராஜினாமா கொடுத்தார். கடைசியில் வெளியே சாம்பல், உள்ளே இளஞ்சிவப்பு என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. பதினொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் எழுத்தரம்மாதான் அடித்தார்.

ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மாநாட்டுக்கு நானூறு நிபுணர்கள் வருகிறார்கள். நானூறு பேரில் ஒருவருக்கா இரண்டு நிமிடம் கிடைக்காது?

மாநாட்டுச் செயலாளரைப் போய்ப் பார்த்தார். செயலாளர் இளம் நிபுணர், நாகரிகமானவர். கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும் கால்சட்டை. காதில் எப்போதும் ஒரு கருவி. அவர் யாரோடு பேசுகிறார் என்பது எதிரே நிற்கிறவருக்குப் பேச்சு முடிந்த பிறகுதான் தெரியும்.

"சார், என் வீட்டுக்காரரை மாநாட்டுக்கு ஒருநாள் கூட்டிட்டு வரட்டுமா?"

"என்ன நிற அட்டை?"

"அட்டை எதுவும் இல்லீங்க. அவர் நோயாளி."

செயலாளர் காதுக்கருவியைக் கழற்றினார். விஷயம் அவ்வளவு பெரிது. "சிவப்பு அட்டை நிபுணர். நீலம் பயிற்சி டாக்டர். பச்சை மருந்துக் கம்பெனி. மஞ்சள் டீ கொடுக்கிறவங்க. நோயாளிக்கு நிறமே ஒதுக்கலையேம்மா."

"ஒதுக்க முடியாதுங்களா?"

"இது நரம்பு மாநாடும்மா. இதுல நோயாளிக்கு என்ன வேலை?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. எழுத்தரம்மா அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனால் இரண்டாம் நாள் காலையில் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார். வருவது வரட்டும் என்று துணிந்துவிட்டார்.

வீட்டுக்காரர் கோட் போட்டுக்கொண்டு வந்தார். ஊருக்கெல்லாம் முப்பது வருடம் தைத்தவர் தனக்கென்று தைத்துக்கொண்ட ஒரே கோட். கை நன்றாக இருந்த காலத்தில் தைத்தது. பெரிய டாக்டர்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறோம், மரியாதையாகப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். மாநாட்டு மண்டபத்தின் வாசலில் நானூறு கோட்டுகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. தோளில் உட்கார்ந்த கோட் அது ஒன்றுதான்.

மண்டபத்துக்குள்ளே செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். காலை அமர்வுக்குத் தலைமை ஏற்க வேண்டிய வெளிநாட்டு நிபுணர் விமானத்தைத் தவறவிட்டுவிட்டார். அவர் வருவாரா மாட்டாரா என்பது கடைசிவரை தெரியாததால் நிகழ்ச்சி நிரலில் 'தலைவர்: உலகப்புகழ் பெற்ற நிபுணர்' என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். அவருக்கென்று செய்த தங்க நிற அட்டையும் பெயரில்லாமலே இருந்தது.

"அச்சடிச்சது அச்சடிச்சதுதான். நாற்காலி காலியா இருக்கக் கூடாது," என்று காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்த செயலாளர், தையல்காரரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். சிரிப்பின் சாயலே இல்லாத முகத்தைப் பார்த்தார். எவ்வளவு கூட்டம் இடித்தாலும் இமைக்காத கண்களைப் பார்த்தார். உலகப்புகழ் பெற்றவர் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

"ஐயா! வந்துட்டீங்களா!"

தையல்காரர் ஏதோ சொன்னார். அவர் குரல் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"சார், இவர் என்னோட..." என்று எழுத்தரம்மா ஆரம்பித்தார்.

"நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களா? நல்ல காரியம் பண்ணீங்கம்மா. இந்த அட்டையை மாட்டி விடுங்க, நேரமாச்சு!"

எழுத்தரம்மா கையில் தங்க அட்டை. அவர் பொய் சொல்லிப் பழகியவரில்லை. திருப்பிக் கொடுக்கத்தான் கையை நீட்டினார். அப்போது கதவருகே வைத்திருந்த பலகை கண்ணில் பட்டது. காலை அமர்வின் தலைப்பு: 'நடுக்குவாதத்தை முதல் பார்வையிலேயே கண்டறிவது எப்படி?'

ஒரு மணி நேரம். மேடை. வெளிச்சம். எதிரே எண்ணூறு கண்கள், அத்தனையும் படித்த கண்கள். எழுத்தரம்மா அட்டையை வீட்டுக்காரர் கழுத்தில் மாட்டினார்.

"என்ன பண்ற நீ?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"பேசாம போய் உட்காருங்க. அது போதும். யாராவது ஒருத்தர் பாத்துடுவாங்க."

அவர் மேடைக்கு நடந்தார். இப்போதெல்லாம் அவர் நடை அப்படித்தான், காலைத் தேய்த்துக்கொண்டு அரை அடி அரை அடியாக, கைகளை வீசாமல். அவரை அழைத்துப் போன துறைத்தலைவரும் மற்ற ஐந்து பிரமுகர்களும், இவர் இவ்வளவு நிதானமாக நடக்கும்போது நாம் மட்டும் வேகமாகப் போனால் மரியாதைக் குறைவு என்று தங்கள் நடையையும் அரை அடியாகக் குறைத்துக்கொண்டார்கள். ஏழு பேரும் மேடை ஏறுவதற்குள் இரண்டு வரவேற்புரை முடிந்துவிட்டது.

தலைவர் முன்னால் ஒரு சின்னக் கைமணி இருந்தது. பேச்சாளர் நேரத்தைத் தாண்டினால் தலைவர் அதை அடிக்க வேண்டும் என்பது மாநாட்டு மரபு. மாநாட்டுத் தலைவர்கள் தூங்கிவிடுவார்கள் என்பது இன்னொரு மரபு. அதனால் எந்த வருடமும் அந்த மணி ஒலித்ததில்லை, எந்த அமர்வும் மதிய உணவுக்கு முன்னால் முடிந்ததில்லை. தையல்காரருக்கு மரபு தெரியாது. பொருளை முன்னால் வைத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தெரியும். மணியை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மணி கிணுகிணுவென்று அடிக்க ஆரம்பித்தது.

முதல் பேச்சாளர் "மதிப்பிற்குரிய" என்று தொடங்கியவர் திடுக்கிட்டு மேடையைப் பார்த்தார். தலைவரின் முகத்தில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. மணி நிற்கவில்லை. பேச்சாளர் முன்னுரையைத் தூக்கிப் போட்டார். நன்றி சொல்ல வேண்டிய பதினாறு பேரைத் தூக்கிப் போட்டார். நேராக விஷயத்துக்கு வந்து, விஷயம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் நாலு நிமிடத்தில் இறங்கிவிட்டார். அரங்கம் கைதட்டியது.

இரண்டாவது பேச்சாளர் பெரிய திரையில் படம் போட்டார். 'முதல் அறிகுறி: முகமூடி போன்ற முகம்.' திரைக்கு நேர் கீழே தையல்காரரின் முகம் இருந்தது. எழுத்தரம்மா கடைசி வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அரங்கத்தின் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாத் தலையும் திரையைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கைப்பேசியில் திரையைப் படம் எடுத்துக்கொண்டது.

'இரண்டாவது அறிகுறி: கை ஓய்வாக இருக்கும்போது நடுக்கம்.' கிணுகிணு, கிணுகிணு.

"என்ன கண்டிப்பு பாத்தியா!" என்றார் முன்வரிசை நிபுணர் பக்கத்து நாற்காலியிடம். "ஒரு நொடி அசரலையே மனுஷன்."

"கண்ணை இமைக்கக்கூட இல்லை. அதான் கவனிப்புங்கிறது."

'மூன்றாவது அறிகுறி: குரல் தணிந்து போதல்.' தலைவரிடம் ஒலிபெருக்கியை நீட்டிக் கருத்துக் கேட்டார்கள். "நான் தையல்காரர். இங்க எனக்கு ஒண்ணும் புரியலைங்க," என்று அவர் உண்மையைத்தான் சொன்னார். ஒலிபெருக்கிக்கே அது கேட்கவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

நடுவில், மஞ்சள் அட்டை போட்ட நரைத்த தலைக்காரர் ஒருவர் மேடைக்கு டீ கொண்டுவந்தார். கோப்பையைத் தலைவர் கையில் கொடுக்கப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஐயாவுக்குக் கை இப்படி நடுங்குதே, யார்கிட்டயும் காட்டலையா?" என்று குனிந்து கேட்டார். "இங்க இன்னைக்கு நரம்பு டாக்டருங்க நிறையப் பேர் வந்திருக்காங்களாம். ஒருத்தரைப் பிடிச்சுக் கேளுங்க."

அமர்வு நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மாநாட்டு வரலாற்றில் நேரத்துக்கு முன்பே முடிந்த முதல் அமர்வு. தலைவரைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. நினைவுக்கு ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். எறும்பு ஊர்வது போலப் பொடிப்பொடியாக அவர் போட்டுக் கொடுத்ததை, எவ்வளவு அடக்கம் என்று வாங்கிக்கொண்டார்கள். ஐம்பது பேர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஏற்கெனவே குலுங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எழுத்தரம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. துறைத்தலைவரை ஓரமாக அழைத்தார்.

"சார், மேடையில இருந்தவர் என் வீட்டுக்காரர். தையல்காரர். எட்டு மாசமா உங்க மேசையில இருக்கிற படிவம் அவரோடதுதான். நடுக்குவாதம் சார். ஒருத்தர்கூடவா பாக்கலை?"

துறைத்தலைவரின் முகம் வெளிறியது. உடனே செயற்குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. எழுத்தரம்மா குறிப்பெடுக்க உட்கார்ந்தார்.

"அவருக்கு நடுக்குவாதம் இருக்குன்னு வச்சுக்குவோம்," என்றார் துறைத்தலைவர். "அப்ப நானூறு நிபுணர்கள் அதைக் கவனிக்கலைன்னு ஆகுது. நானூறு நிபுணர்கள் கவனிக்காம விடுவாங்களா?"

"விட மாட்டாங்க," என்றது செயற்குழு.

"அப்ப அவருக்கு?"

"இல்லை," என்றது செயற்குழு.

"சார், அவர் டாக்டரே இல்லையே!" என்றார் எழுத்தரம்மா.

"அது வேற விஷயம்மா. அதுக்குத் தனியா ஒரு உபகுழு போட்டுக்கலாம்."

பையின் நிறத்துக்குப் பதினொரு கூட்டம் பிடித்தது. இதற்கு நாலு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. 'மேற்படி நபர் நானூறு நரம்பியல் நிபுணர்களால் நாற்பது நிமிடம் நேரில் பார்க்கப்பட்டு, யாதொரு குறையும் இல்லாதவராகக் காணப்பட்டார்' என்று சான்றிதழ் தயாரானது. துறையின் முத்திரை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாததால், அதையும் எழுத்தரம்மாவே அடித்து, எழுத்தரம்மாவே முத்திரை குத்த வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் முதல் வாரம் புறநோயாளிகள் பிரிவு திறந்தது. எழுத்தரம்மா ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, எல்லோரையும் போல வரிசையில் நின்று, வீட்டுக்காரரை உள்ளே கூட்டிப் போனார். நாற்காலியில் மாநாட்டுச் செயலாளர். ஆனால் ஆளே மாறியிருந்தார். காதுக்கருவி இல்லை. முகத்தில் ஒரு சலனம் இல்லை. கண் இமைக்கவில்லை. மாநாட்டுக்குப் பிறகு துறை முழுவதும் இந்த நாகரிகம் பரவியிருந்தது. பயிற்சி மருத்துவர்கள் கையை வீசாமல் அரை அடி அரை அடியாக நடந்தார்கள். பெரிய நிபுணர்கள் யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்கள். மனைவிமார் கவலைப்பட்டதாகக் கேள்வி.

செயலாளர் கணினியில் சான்றிதழைப் படித்தார். "நானூறு பேர் பாத்திருக்காங்களே. நான் ஒருத்தன் இனிமே என்ன பாக்கிறது?" என்று முணுமுணுத்தார்.

"அவரைப் பாருங்க சார். முகத்தைப் பாருங்க, நடையைப் பாருங்க."

செயலாளர் பார்த்தார். "நானும் இப்படித்தானேம்மா இருக்கேன். துறையில எல்லாருமே இப்படித்தான். இதைப் போய் நோய்னு எழுதினா யாரை விட்டுட்டு யாரைச் சேர்க்கிறது? அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

வெளியே நடைபாதை பெஞ்சில் எழுத்தரம்மா பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரத்தில் குரல் உயர்ந்தது.

"நானூறு பேரு! படிச்சுப் பட்டம் வாங்கினவங்க! நாற்பது நிமிஷம் எதிர்ல வச்சுப் பாத்துட்டு ஒருத்தன் கண்ணுக்கும் தெரியலையே! இவங்களுக்கெல்லாம் கண்ணு எதுக்குங்க?"

தையல்காரர் அவர் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். அவர் சொன்னதைக் கேட்க எழுத்தரம்மா குனிய வேண்டியிருந்தது.

"அவங்க பாத்தது நாற்பது நிமிஷம்தானே. எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

"ரெண்டு வருஷமா? எட்டு மாசம் இல்ல?"

"எட்டு மாசம் நீ பாத்ததுலேருந்து. நான் முதல் நாளே உன்கிட்ட சொன்னேன். நீ வீட்டுக்குக் கொண்டு வந்த வேலையில இருந்த. நிமிராமலே 'ம்'னு சொன்ன."

"ஏங்க, மறுபடியும் ஒரு தடவை சொல்லக் கூடாதா? அப்படி என்ன பெரிய வேலை பண்ணிட்டிருந்தேன்?"

"பொதுமக்களுக்கு ஒரு துண்டறிக்கை அடிச்சிட்டிருந்த. வீட்டுல யாருக்காவது கை நடுங்குதான்னு ஆரம்பத்துலயே கவனிங்கன்னு. நான் படிச்சுப் பாத்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல."